அணியத்தில் மாட்டாத மோட்டார்

"புக்குல இப்படி மாட்டலாம்னு போட்டிருக்கா அக்கா?" என்று பட்டறைக்காரர் கேட்டபோது, நான் ஏன் "போட்டிருக்கு" என்று சொன்னேன்?

பதினோரு மாதமாக இந்தக் கேள்வியோடு இருக்கிறேன். பயத்தில் சொன்னேன் என்று சொல்லிப் பார்த்தேன். பயம்தான், ஆனால் அது மட்டும் இல்லை. வெயில், பட்டறைச் சத்தம், இடுப்பில் மகள் நழுவிக்கொண்டிருந்தாள், யோசிக்க நேரம் இல்லை என்றும் சொல்லிப் பார்த்தேன். அது பொய். யோசிக்க முந்தின நாள் மதியம் முழுவதும் இருந்தது. புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. எங்கள் வீட்டில் அதைப் படிக்கக்கூடியவள் நான் ஒருத்திதான். படித்தும் இருந்தேன். இப்படி மாட்டக்கூடாது என்றுதான் அதில் போட்டிருந்தது.

நான் பாகூர் பக்கம் நெல் போடுகிற குடும்பத்துப் பெண். பி.எஸ்சி. இயற்பியல் முடித்தேன். கல்லூரிக்குப் போகும் டவுன் பஸ்ஸில் ஏற்பட்ட பழக்கத்தில் வைத்திக்குப்பத்து மீனவர் வீட்டுக்கு மருமகளாக வந்தேன். என் பெற்றோர் அன்றைக்குச் சாத்திய கதவை இன்னும் திறக்கவில்லை. இங்கே வீட்டில் என் கணவர், அவருடைய அம்மா, தம்பி, எங்கள் நான்கு வயது மகள். மாமனார் நான் வருவதற்கு முன்பே போய்விட்டார். எது செய்தாலும் "சரியாகத்தான் செய்தோமா" என்று இரண்டு முறை திரும்பிப் பார்க்கிற சுபாவம் எனக்கு எப்போதும் உண்டு. இந்த வீட்டுக்கு வந்த பிறகு அது நான்கு முறை ஆனது.

அதற்கு ஒரு காரணம் செருப்பு.

படகின் முன்மூக்கை இவர்கள் அணியம் என்பார்கள். படகு கிளம்பும் நாளில் மஞ்சள், குங்குமம், எலுமிச்சம்பழம், கற்பூரம் எல்லாம் அங்கேதான். ஆண்களே அதில் கால் வைக்கும்முன் தொட்டுக் கும்பிடுவார்கள். எனக்கு இது தெரியாது. மகளுக்கு ஐந்து மாதம் இருக்கும்போது, மணலில் ஏற்றி வைத்திருந்த படகின் முன்னால் படம் எடுக்கலாம் என்று என் கணவர் சொன்னார். நான் குழந்தையோடு அணியத்தின் மேலேயே ஏறி நின்றுவிட்டேன், செருப்போடு.

அத்தை ஒரு குடம் மஞ்சள் தண்ணீரோடு வந்தார். மீன் வாங்க வந்தவர்கள், வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள், எல்லோரும் பார்க்க அந்த இடத்தைக் கழுவினார். "வரப்ப மிதிக்கிற மாதிரி மிதிச்சுட்டு நிக்குறா பாரு" என்றார். செருப்பைக் கடலில் வீசச் சொன்னார். வீசினேன். மறுநாள் காலை அலை அதில் ஒன்றைக் கரையில் கொண்டுவந்து போட்டிருந்தது. "கடலுக்கே வேணாமாம்" என்று யாரோ சொல்ல, மணல் முழுக்கச் சிரிப்பு. அதன் பிறகு மீன் வராத நாள், இன்ஜின் நின்ற நாள், வலை கிழிந்த நாள் எல்லாவற்றுக்கும் அந்தச் செருப்புதான் காரணம். நான் பதில் சொல்ல மாட்டேன். சொல்லாமல் இருந்தால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று கற்றுக்கொண்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் என் கணவர் வலைத் தொழிலை விட்டுவிட்டு, இருபத்திரண்டு அடி ஃபைபர் படகு ஒன்று வாங்கினார். சனி, ஞாயிறுகளில் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் தூண்டில் போட ஆசைப்பட்டு வருகிறவர்களை நோணாங்குப்பத்திலிருந்து ஏற்றிக்கொண்டு முகத்துவாரம் வரை போய் வருவதுதான் வேலை. அங்கே கொடுவா மீன் நன்றாகக் கிடைக்கும். அண்ணன் இன்ஜின் பார்ப்பார், தம்பி மற்ற எல்லாம் பார்ப்பார். தூண்டில்காரர்கள் விலையுயர்ந்த ராடு வைத்திருப்பார்கள். ஏறினதும் கேட்கும் முதல் கேள்வி, "ஃபிஷ் ஃபைண்டர் இருக்கா?"

தண்ணீருக்கடியில் மீன் இருக்கும் இடத்தைத் திரையில் காட்டும் அந்தக் கருவியைத் தேர்ந்தெடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. "நீதானே படிச்சவ" என்றார் அவர். ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டு எழுதினேன். எவ்வளவு ஆழம் பார்க்கும், திரை எத்தனை அங்குலம், படகின் அடியில் வைக்கும் சென்சார் உப்புத் தண்ணீரைத் தாங்குமா, எல்லாம் கட்டம் கட்டி எழுதினேன். கடையில் போய் நிறம் பளிச்சென்று இருந்த ஐந்து அங்குலத் திரையை எடுத்தேன். கடைக்குள் எல்லாத் திரையும் பளிச்சென்றுதான் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. உச்சி வெயிலில் அதில் ஒன்றும் தெரியவில்லை. தலைமேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டுதான் பார்க்க வேண்டும், ஆவி பிடிப்பது போல.

"அண்ணி, மீனுக்கெல்லாம் சளி புடிச்சிருக்கு" என்றார் கொழுந்தனார் துண்டுக்குள்ளிருந்து.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட ஒரு வயது சின்னவர். எட்டாவதோடு நின்றவர். அந்த வீட்டில் செருப்பைப் பற்றி ஒரு தடவைகூடப் பேசாத ஒரே ஆள். அந்தத் திரையை எங்கள் எல்லோரையும்விட வேகமாகக் கற்றுக்கொண்டதும் அவர்தான். புத்தகத்தில் வளைந்த கோடு என்றால் மீன் என்று நான் படித்துச் சொன்னேன். இரண்டு வாரத்தில் அவர் என்னைத் திருத்தினார். "இந்த வளைவு மீனு அண்ணி. இது கெளம்பின சேறு. இது எவனோ போட்ட சைக்கிள்." மூழ்கிப் பார்த்தபோது உண்மையிலேயே சைக்கிள் கிடந்தது.

அடுத்து சின்ன மோட்டார். இன்ஜின் சத்தத்துக்குக் கொடுவா ஓடிவிடும், நங்கூரம் போட்டால் கயிறு கல்லில் மாட்டும். பேட்டரியில் ஓடுகிற, சத்தமே இல்லாத மோட்டார் ஒன்று உண்டு. ரிமோட்டில் ஒரு பொத்தானை அமுக்கினால் செயற்கைக்கோளைப் பார்த்து, படகை நின்ற இடத்திலேயே தானாகப் பிடித்து வைத்திருக்கும். மறுபடியும் நோட்டு எடுத்தேன். படகின் எடைக்கு எவ்வளவு இழுவை வேண்டும், தண்டு எத்தனை நீளம் இருந்தால் அலையில் விசிறி வெளியே வராது, நல்ல தண்ணீருக்கு உள்ளதா உப்புத் தண்ணீருக்கு உள்ளதா, பேட்டரி ஒன்றா இரண்டா. இன்ஜினைக் கிளப்பும் பேட்டரியோடு இதைச் சேர்க்கக்கூடாது என்பதைச் சிவப்பு மையில் எழுதினேன். இந்த முறை தவறே செய்யக்கூடாது என்று ஒரு மாதம் எடுத்துக்கொண்டேன். மோட்டாரைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்தேன். இன்றுவரை அதில் ஒரு குறை கிடையாது.

ரிமோட்டு வந்ததும் கொழுந்தனார் என்னிடம் நகப்பாலிஷ் கேட்டார்.

"யாருக்கு தம்பி?"

"ரிமோட்டுக்கு. அதுக்கும் கல்யாண வயசு வந்துடுச்சு."

பிடித்து நிறுத்தும் பொத்தானில் சிவப்புப் புள்ளி, விடுவிக்கும் பொத்தானில் ரோஸ் புள்ளி வைத்தார். எழுத்தைப் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு பத்து தடவை அமுக்கிக் காட்டினார். பத்தும் சரி. பக்கத்தில் நின்று எண்ணியவள் நான்.

அந்த மோட்டார் அணியத்தில் மாட்ட வேண்டியது. பெயின்ட் அடிக்க வைத்திக்குப்பம் மணலில் படகு ஏறியிருந்தது. என் கணவர் டிரில் மெஷினை எடுத்து அணியத்தில் வைத்தார். அத்தை வந்து படகுக்கு நேராக நின்றார்.

"இன்னா பண்ற?"

"மோட்டார் மாட்டணும்மா. நாலே போல்ட்டு."

"கற்பூரம் ஏத்துற எடத்துலயா?"

"கொஞ்சம் தள்ளி ஏத்திக்கலாம்."

"அப்ப மொதல்ல என் நெத்தியில ஓட்டை போடு. அப்புறம் அதுல போடு."

கொழுந்தனார் சிரித்துவிட்டார். "யம்மா, உன் நெத்திக்கு இந்த பிட்டு பத்தாது. கான்கிரீட் பிட்டு வாங்கணும்."

அத்தை சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "செருப்போட மிதிச்சது பத்தலன்னு இப்ப ஓட்டை போடச் சொல்லிட்டியா?"

என் கணவர் மெஷினைக் கீழே வைத்தார். "சரி வுடும்மா. பின்னாடி இன்ஜின் பக்கத்துலயே மாட்டிக்கலாம்." பிறகு என்னிடம், "பின்னாடி மாட்டலாமான்னு புக்க பாத்து சொல்லு. நாளைக்கு தட்டாஞ்சாவடி போயி பிராக்கெட் பண்ணிக்கலாம்."

அன்று மதியம் புத்தகத்தை எடுத்தேன். பதினேழாம் பக்கம். இரண்டு படங்கள். முதல் படத்தில் மோட்டார் அணியத்தில், படகு அலையைப் பார்த்து நிற்கிறது. இரண்டாவதில் மோட்டார் பின்னால், அலை பின்பக்கம் ஏறி உள்ளே விழுகிறது, படத்தின் மேல் குறுக்கே ஒரு கோடு. கீழே எழுதியிருந்தது: படகைப் பிடித்து நிறுத்தும் வசதியைப் பயன்படுத்தும்போது பின்பக்கம் மாட்டக்கூடாது, படகில் நீர் நிறைந்து உயிருக்கு ஆபத்து வரலாம்.

இயற்பியல் படித்தவளுக்கு இது புரியாமல் இல்லை. எந்த முனையைப் பிடித்து இழுக்கிறோமோ அந்த முனைதான் அலைக்கு முகம் கொடுக்கும். அணியம் உயரமானது, கூரானது, அலையைக் கிழிக்கும். பின்பலகை தாழ்வாக, தட்டையாக இருக்கும். இன்ஜின் வேறு அதை அழுத்திக்கொண்டிருக்கும். இருந்தாலும் எனக்குச் சந்தேகம். அதனால் துணி துவைக்கும் தொட்டியில் மகளின் சோப்பு டப்பாவை மிதக்கவிட்டேன். பின்பக்கம் ஒரு கல்லை வைத்து, அங்கேயே நூல் கட்டிப் பிடித்துக்கொண்டு, எதிரிலிருந்து கையால் அலை தள்ளினேன். நான்காவது அலையில் நிறைந்து முழுகியது.

மகள் கை தட்டினாள். "இன்னொரு தடவ முழுக வைம்மா."

இன்னொரு தடவை முழுக வைத்தேன். அவள் கேட்டதற்காக மூன்றாவது தடவையும்.

சாயங்காலம் என் கணவர் "பாத்தியா?" என்று கேட்டார். அத்தை பக்கத்தில் மீன் அரிந்துகொண்டிருந்தார். "பாக்கறேன்" என்றேன்.

மறுநாள் தட்டாஞ்சாவடி. பட்டறைக்காரர் பின்பலகைக்கு அளவெடுத்து, எஸ்.எஸ். தகட்டில் கோடு போட்டுவிட்டு, கையில் வைத்திருந்த கட்டரை நிறுத்தினார். அவருக்கே ஏதோ இடித்திருக்கிறது. "இந்த மாடல் முன்னாடி மாட்டி பாத்திருக்கேன். புக்குல இப்படி மாட்டலாம்னு போட்டிருக்கா அக்கா?"

என் கணவர் என்னைப் பார்த்தார். கொழுந்தனாரும் பார்த்தார்.

"போட்டிருக்கு."

கட்டர் ஓடியது.

ஐந்து வாரம் ஒன்றும் ஆகவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உப்பங்கழியில் அலை கிடையாது. பின்பக்கம் மாட்டிய மோட்டார் பூனை மாதிரி நின்றது. தூண்டில்காரர்கள் பாராட்டினார்கள். "அண்ணி செலக்ஷன்" என்று கொழுந்தனார் எல்லோரிடமும் சொன்னார். புத்தகக்காரர்கள் ஏதோ எச்சரிக்கைக்காக எழுதியிருப்பார்கள் என்று நானும் நம்ப ஆரம்பித்தேன். முகத்துவாரத்துக்குப் போகும் நாளில் மட்டும், "இன்னைக்கு அலை எப்படி?" என்று கேட்பேன். "இன்னா புதுசா கேக்குற?" என்பார் என் கணவர். சும்மா என்பேன்.

ஆறாவது வாரத்தில் ஒரு பிற்பகல். கடல்காற்று எழுந்திருந்தது, நீர் ஏறிக்கொண்டிருந்தது, கொடுவா கடிக்கிற நேரம். முகத்துவாரத்தில் படகை நிறுத்தச் சொன்னார் என் கணவர். கொழுந்தனார் சிவப்புப் பொத்தானை அமுக்கினார். மோட்டார் சொன்னபடி கேட்டது. படகு மெதுவாகத் திரும்பி, முதுகைக் கடலுக்குக் காட்டி நின்றது. முதல் அலை பின்பலகையில் மோதித் தெறித்தது, தூண்டில்காரர்கள் சிரித்தார்கள். அடுத்தது உள்ளே விழுந்தது. "வுட்ரா! வுட்ரா!" என்று என் கணவர் கத்தினார். தம்பி ரோஸ் பொத்தானை அமுக்கினார். மோட்டார் விட்டுவிட்டது. ஆனால் அதற்குள் கணுக்கால் அளவு தண்ணீர். மூன்றாவது அலையில் படகு சரிந்தது. இருபத்தைந்து கிலோ பேட்டரி பெட்டியோடு சறுக்கி வந்து, தம்பியின் வலது காலைப் படகின் விலாவோடு சேர்த்து நசுக்கியது.

பக்கத்தில் வந்த உல்லாசப் படகு எல்லோரையும் ஏற்றிக்கொண்டது. தூண்டில்காரர்களுக்குக் கீறல்கூட இல்லை. கொழுந்தனாருக்குப் பெரியாஸ்பத்திரியில் கம்பி வைத்தார்கள். பாதம் இன்றும் மடங்காது. நடந்தால் இழுக்கும்.

இதை நான் நேரில் பார்க்கவில்லை, வீடியோவில் பார்த்தேன். ஊரே பார்த்தது. தூண்டில்காரர் ஒருவர் எடுத்தது, அன்று மாலைக்குள் எல்லா வாட்ஸாப் குழுவிலும் வந்துவிட்டது. அதில் ரிமோட்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கொழுந்தனார் கத்துகிறார்: "ரிமோட்ட அமுக்கிட்டேண்ணே! அமுக்கிட்டேன்!" அந்தக் குரலை ரிங்டோனாக வைத்துக்கொண்டவர்கள் உண்டு. எல்லோரும் அந்தக் குரலைக் கேட்டார்கள். நான் பார்த்தது அணியத்துக்கு நேராகத் தெரிகிற தென்னை மரங்களை. அணியம் கரையைப் பார்க்கிறது என்றால் பின்பலகை கடலைப் பார்க்கிறது. சோப்பு டப்பா.

காரணம் அன்றைக்கே முடிவாகிவிட்டது. விடுவிக்கச் சொன்னால் பிடித்து நிறுத்தும் பொத்தானையே திரும்ப அமுக்கியிருக்கிறான், படிப்பில்லாதவன் கையில் ரிமோட்டைக் கொடுத்தால் இப்படித்தான். என் கணவரே அதைத்தான் சொன்னார். ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தை அழுதுகொண்டே சொன்னார், "நாலு எழுத்து படிச்சிருந்தா இந்தக் காலு நல்லா இருந்திருக்குமேடா." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. "இவ படகுல இருந்திருந்தா சரியா அமுக்கியிருப்பா."

நான் கையை உருவவில்லை. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தக் கை எனக்குப் பிடித்திருந்தது.

அதன் பிறகு செருப்புப் பேச்சு நின்றுவிட்டது. கேலிக்கு வீட்டில் வேறு ஆள் கிடைத்துவிட்டார். ரேஷன் கடையில், டீக்கடையில், மீன் ஏலத்தில் அவருக்குப் பெயர் "ரிமோட்டு". டீ வாங்கப் போனால், "ரிமோட்டு, சக்கரை பட்டன அமுக்கு." காலை இழுத்துக்கொண்டு நடந்தால், "ரிமோட்டுக்கு பேட்டரி டவுனு." அவரும் சிரிப்பார். ஒருநாள் என் மகள் வாசலில் நின்று கூப்பிட்டாள், "ரிமோட்டு சித்தப்பா, சாப்ட வா!" என் கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அத்தையும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். நான் அவளை அதட்டவில்லை. அதட்டினால் ஏன் என்று கேட்பார்கள்.

கட்டு பிரித்த சில நாளில் ஒரு மதியம், மகள் மோட்டார் வந்த அட்டைப் பெட்டியை இழுத்து வந்து வீடு கட்டி விளையாடினாள். அதற்குள்ளிருந்து அந்தப் புத்தகம் விழுந்தது. காலை நீட்டி உட்கார்ந்திருந்த கொழுந்தனார் எடுத்துப் புரட்டினார். நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கம் பக்கமாகப் படம் பார்த்தார். ஒரு பக்கத்தில் கை நின்றது.

"அண்ணி, இந்தப் படத்துல மோட்டார பின்னாடி மாட்டின படகுக்கு மேல ஏன் குறுக்க கோடு போட்டிருக்கான்?"

அன்றைக்கு உண்மையைச் சொல்ல எனக்கு எல்லா வசதியும் இருந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லை. பட்டறைச் சத்தம் இல்லை. மகள் இடுப்பில் இல்லை. கேட்டவர் கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"அது வேற மாடலுக்கு தம்பி" என்றேன்.

"அதானே" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தார். "நாம மாட்டின மாதிரியே வரைஞ்சிருக்கான்." புத்தகத்தை மூடி, மகளின் அட்டை வீட்டுக்குள் வைத்தார். அவருக்குப் புரிந்துவிட்டதா, என்னை நம்பிவிட்டாரா, தெரியாது. அன்றிலிருந்து என்னோடு பேசுவதில் எந்த மாற்றமும் இல்லை. மாற்றம் இருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருக்கும்.

போன மாதம் படகைச் சரி செய்து இறக்கினார்கள். மோட்டாரைத் துடைத்து, அதே பிராக்கெட்டில், அதே பின்பலகையில் மாட்டினார் என் கணவர். "இந்த தடவ ரிமோட்டு என் கையில" என்றார். "முன்னாடி மாட்டினா நல்லா இருக்குமே" என்று மெதுவாகச் சொன்னேன். "மறுபடியும் அம்மாகிட்ட ஆரம்பிக்காத, நல்லாத்தானே போவுது" என்றார். அப்போதாவது பதினேழாம் பக்கத்தைச் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக நான் செய்தது, ரிமோட்டை எடுத்து என் கல்யாணப் புடவை மடிப்புக்குள் ஒளித்து வைத்தது. ரிமோட்டு இல்லாமல் அந்த மோட்டார் படகைப் பிடித்து நிறுத்தாது. அவர் உயிரோடு வீடு திரும்புவார். எனக்கு அவ்வளவுதான் தோன்றியது.

ரிமோட்டு தொலைந்துபோன பழி யார் மேல் விழும் என்று ஒரு நிமிடம்கூட நான் யோசிக்கவில்லை.

"எங்கடா வெச்ச?" என்றார் அண்ணன்.

"நான் தொடவே இல்லண்ணே."

"படகுலயும் அதான் சொன்ன. அமுக்கிட்டேன், அமுக்கிட்டேன்னு."

"ரிமோட்டு ரிமோட்ட தொலைச்சுட்டான்" என்று தெரு சிரித்தது. கொழுந்தனார் நொண்டிக்கொண்டே மூன்று நாள் தேடினார். படகின் அடிப்பலகை ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் படுத்துத் துழாவினார். என் மகளும் அவரோடு சேர்ந்து தேடினாள். நானும் தேடுவது போல நடித்தேன், அலமாரியைத் தவிர மற்ற இடங்களில். மூன்றாம் நாள் மாலை அவர் அண்ணனிடம் போய்ச் சொன்னார், "நாந்தான் எங்கயோ வெச்சுட்டேன் போல. ஞாபகம் இல்ல. என் கைராசி சரியில்லண்ணே. படகுக்கு வேற ஆளு பாத்துக்க."

அண்ணன் வேண்டாம் என்று சொல்லவில்லை. "கயிறு புடிக்க மட்டும் வரதுன்னா வா" என்றார்.

தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேன் வேலைக்குச் சொல்லிவிட்டார் கொழுந்தனார். திங்கட்கிழமை சேர வேண்டும். உட்கார்ந்த வேலை, காலுக்கு நல்லது என்று அத்தை சொல்கிறார். சேற்றுக்கும் மீனுக்கும் வித்தியாசம் சொல்லக்கூடிய அந்தக் கண்ணுக்கு இனி ஒரு கேட்டும் வருகைப் பதிவும். நேற்று காக்கிச் சட்டையைப் போட்டுப் பார்த்தார். "எப்படி இருக்கு அண்ணி?" என்று கேட்டார். "நல்லா இருக்கு தம்பி" என்றேன்.

புது ரிமோட்டு கூரியரில் கிளம்பிவிட்டது. வெள்ளியோ சனியோ வரும். ஞாயிற்றுக்கிழமை முகத்துவாரத்துக்கு ஆள் பேசிவிட்டார்கள். அந்த ரிமோட்டையும் என்னால் ஒளிக்க முடியாது. ஒளித்தால் இன்னொருவர் பழி சுமப்பார்.

ஆக, சனிக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். அது எனக்குத் தெரியும். சொல்லலாமா வேண்டாமா என்று நான் கேட்கவில்லை. சொன்ன பிறகு இந்த வீட்டில் நான் என்ன ஆவேன் என்பதும் ஓரளவு தெரியும். செருப்பு திரும்பி வரும், இந்த முறை ஒரு காலோடு சேர்ந்து வரும். எனக்குப் போக வேறு வீடு இல்லை. அதற்காகவும் பரிதாபம் கேட்கவில்லை.

நான் கேட்பது இதைத்தான். முதலில் யாரிடம் சொல்வது? என் கணவரிடம் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை காப்பாற்றப்படும். ஆனால் குடும்ப மானத்துக்காக அவர் விஷயத்தை அங்கேயே புதைத்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. பிராக்கெட் மட்டும் சத்தமில்லாமல் முன்னால் போகும், தம்பி காக்கிச் சட்டையிலேயே இருப்பார். எல்லோர் முன்னாலும் பதினேழாம் பக்கத்தைத் தமிழில் உரக்கப் படித்துவிட்டால்? காலை இழுத்துக்கொண்டு நடப்பவருக்கு அந்தச் செய்தி தெருவோடு சேர்ந்துதான் தெரிய வேண்டுமா? தனியாக அவரிடம்தான் முதலில் என்றால், ஒரு மனிதரின் எதிரில் உட்கார்ந்து, "நீங்கள் சரியாகத்தான் அமுக்கினீர்கள்" என்ற வாக்கியத்தை எங்கிருந்து தொடங்குவது? நகப்பாலிஷ் புள்ளி வைத்த அந்த ரிமோட்டை முதலில் அவர் கையில் கொடுத்துவிட்டுப் பேசுவதா, பேசிவிட்டுக் கொடுப்பதா?

உங்களில் யாராவது, உங்களால் ஒருவர் சுமந்த பழியை இறக்கி வைத்திருந்தால், எப்படித் தொடங்கினீர்கள் என்று எழுதுங்கள். என் மகள் அவரை இனி என்ன சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று அவளுக்கு எப்படிச் சொல்லித் தருவது என்பதையும் எழுதுங்கள். சனிக்கிழமைக்குள் கிடைத்தால் நல்லது.